தைக்க முடியவில்லை என்று காதில் விழுந்தது

வலது தோளில் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இதை வலது கையால்தான் எழுதுகிறேன். பாதிப் பக்கம் எழுதினால் தோளுக்குப் பின்னால் ஓரிடம் கனக்கும். பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் ஆட்டிக்கொள்வேன். தலை வாரிக்கொள்ள முடிகிறது. அலமாரியின் மேல் தட்டில் இருப்பதை இன்னும் எடுக்க முடியவில்லை.

கம்பெனியில் யாருக்காவது தோள் வலி வந்தால் இப்போது என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். "எஸ்தரக்காவக் கேளு, அவங்க பண்ணிக்கினாங்க" என்று. பண்ணிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவர்கள் கேட்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதினால் படித்துவிட்டு அவரவர் முடிவு செய்யட்டும்.

எங்கள் வீடு மாதனூர் பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டிச்சிங் லைனில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைப்பது வேலை. என் வீட்டுக்காரர் தேவராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். ஒரே மகன், ஓசூரில் வேலை.

அன்று காலை மழை. கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் வழுக்கியது. பஸ் அதற்குள் நகர ஆரம்பித்துவிட்டது. வலது கை கம்பியைப் பிடித்திருந்தது, விடவில்லை. உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கியது. தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், காதுக்கு வெளியே இல்லை, உள்ளேயே கேட்டது. எனக்குப் பக்கத்து சீட்டில் பதினைந்து வருடமாக உட்கார்ந்து வரும் ஷமீம்தான் என் முந்தானையையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கம்பிய விட்டுட்டிருக்கலாம் இல்ல?" என்றாள்.

"விட்டிருந்தா சக்கரத்துக்குப் போயிருப்பேன்."

அதற்கப்புறம் மூன்று மாதம் என் தோளைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆம்பூரில் பார்த்த டாக்டர், தோள் இறுகிவிட்டது, உறைந்த தோள் என்று பேர், நாற்பது தாண்டின பெண்களுக்கு வருவதுதான் என்றார். மாத்திரை, ஒரு ஊசி, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றும் பயிற்சி. தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் போட்டு இழுத்துவிட்டார். அன்று மட்டும் நன்றாக இருந்தது, மறுநாள் தோசைக் கல்லைத் தூக்கி அடுப்பில் வைக்க முடியவில்லை. லைனில் என்னை மாற்றி, தைத்து வரும் துண்டுகளைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் உட்கார வைத்தார்கள். மாற்றின சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். ஆனால் என் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்து தைப்பதை எட்டடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் வேலூருக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஹாலில் பாதிப் பேர் பெங்காலி பேசினார்கள். எத்தனையோ தூரத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் ஸ்கேன் கவரைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மாதனூரிலிருந்து வந்த நான்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்துவிட்டு அரை மணி நேரம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். வலி ஒன்றும் இல்லை.

படத்தை வைத்து இளம் டாக்டர் ஒருவர் விளக்கினார். தோள் மூட்டு ஒரு பந்து. அந்தப் பந்து கிண்ணத்தை விட்டு நகராமல் நாலு தசைநார்கள் மேலே போர்த்திப் பிடித்திருக்கின்றன. அதில் மேலே இருப்பது எலும்பிலிருந்து கிழிந்து விலகியிருக்கிறது. சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, கிழிந்த ஓரத்தை இழுத்து எலும்போடு தைத்துவிடலாம். அவர் சொன்னவரைக்கும் எனக்கு நன்றாகப் புரிந்தது. பிறகு பெரிய டாக்டரம்மா வந்தார்கள். அதே படத்தைப் பார்த்தார்கள்.

"தைச்சா நல்லது. தைக்கலன்னாலும் சில பேருக்கு எக்சர்சைஸ்லயே வலி போயிடுது. கிழிசல் போகப் போகப் பெருசாகலாம், ஆகாமலும் இருக்கலாம். நீங்கதான் முடிவெடுக்கணும்."

"நீங்க இன்னா சொல்றீங்களோ அதச் செய்யறேன் டாக்டர்."

"நான் சொல்றதுன்னா, ரெண்டுமே தப்பில்ல."

எங்கள் வேலையில் தையல் கோட்டை விட்டு ஒரு நூல் விலகினால்கூட அது தப்பு. இரண்டும் தப்பில்லை என்று ஒரு படித்த டாக்டர் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் கை. நீ சொல்றதுதான்" என்றார்.

"கல்யாணத்துக்கு என்னக் கேக்கல, கம்பெனிக்குப் போறப்போ என்னக் கேக்கல. இதுக்கு மட்டும் நான் சொல்லணுமா?" என்று கத்திவிட்டேன். அவர் வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஷமீமின் மாமியாருக்குப் பயிற்சியிலேயே சரியானதாம். பஸ்ஸில் பின் சீட்டுப் பெண்ணின் அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணியும் கை பாதிக்கு மேல் எழும்பவில்லையாம். யார் சொல்வதைக் கேட்டாலும் அது எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கும், அடுத்த ஆள் பேசும்வரை. காலையில் பண்ணிக்கலாம் என்று எழுந்திருப்பேன். பஸ் ஆம்பூரைத் தொடுவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையைச் சாய்க்கும்போது வலது கை சும்மா விட்டுவிட்டது. வலிக்கக்கூட இல்லை, கை அங்கே இல்லாத மாதிரி. கொதிக்கிற கஞ்சி பாதத்துக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் கொட்டியது. அவர் ஓடிவந்து என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"பண்ணிடலாங்க" என்றேன். யோசித்துச் சொன்னதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

பெண்கள் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் சின்னப்பொண்ணு அக்கா. கலவை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், அறுபதை நெருங்கின வயசு. காலமெல்லாம் கழனி வேலை. மூன்று வருடமாக வலது தோளில் வலியாம். மருமகள் கூட இருந்தாள். அவங்களுக்கும் எனக்கும் மறுநாள் ஒரே டாக்டரம்மாதான் ஆபரேஷன் செய்வதாக இருந்தது. முதலில் நான், அப்புறம் அவங்க.

"உனக்கு பயமா இருக்குதா?" என்று கேட்டாங்க.

"இருக்குதுக்கா."

"எனக்கும்தான். சோறு துண்ணக் கூடாதுன்னுட்டாங்களே, அதான் ஜாஸ்தி பேஜாரா இருக்குது."

ஒப்புதல் கையெழுத்து வாங்க வந்த டாக்டர் ஒன்று சொன்னார். ஸ்கேனில் எல்லாம் தெரியாது, உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். தசைநார் தைக்கிற நிலைமையில் இல்லை என்றால், சுத்தம் செய்துவிட்டு மூடிவிடுவோம், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கையெழுத்து. இரண்டு பேரும் போட்டோம்.

மயக்கம் கொடுக்கும் முன் கழுத்தோரம் ஒரு ஊசி போட்டார்கள். கைக்குப் போகும் நரம்பை ஒரு நாளைக்குத் தூங்க வைக்கும் ஊசி, முடிந்தபிறகு வலி தெரியாமல் இருக்க. விரல் நுனியிலிருந்து கை கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போனது தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியாது.

கண்ணை முழுசாகத் திறக்க முடியாமல் கிடந்தேன், காது மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. பக்கத்தில் பச்சைத் திரை. வயிற்றின் மேல் யாருடைய கையோ கிடந்தது. சூடாக, கனமாக இருந்தது. யாரோ நர்ஸ் மறந்து கையை வைத்திருக்கிறாள் என்று நினைத்து இடது கையால் அதைத் தள்ளிப் பார்த்தேன். விரலில் என் மோதிரம் கழற்றின தடம். என் கைதான்.

அப்போது டாக்டரம்மாவின் குரல் கேட்டது, மிகப் பக்கத்தில். "தைக்க முடியல. ஓரமெல்லாம் மெலிஞ்சு போயிருக்கு, நூல் நிக்கல. சுத்தம் பண்ணிட்டு மூடிட்டோம்."

மயக்கத்திலும் அது எனக்குச் சட்டென்று புரிந்தது. கம்பெனியில் தோலை மடித்துத் தைப்பதற்கு முன் ஓரத்தைச் சீவி மெலிசாக்குவார்கள். அளவுக்கு மீறிச் சீவிவிட்டால் ஊசி போன இடமெல்லாம் வரிசையாகக் கிழியும், நூல் தோலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட துண்டை நாங்கள் ஒதுக்கிப் போட்டுவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வார்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை உள்ளே விட்டார்கள். "நல்லா முடிஞ்சுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. நல்லா முடிந்திருந்தால் இந்த மனுஷன் ஏன் அழுதார்? எனக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் காலை கைக்கு உயிர் வந்தது, கூடவே வலியும். இடுப்போரம் ஒரு தலையணை வைத்து, அதன் மேல் கையைக் கட்டிப் பட்டை போட்டிருந்தார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். "ஆறு வாரம் பட்டைய எடுக்கக் கூடாது, கையத் தூக்கக் கூடாது." அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார்கள். சின்னப்பொண்ணு அக்கா கட்டிலில் மட்டும் ரொம்ப நேரம் நின்று மெதுவாகப் பேசினார்கள். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாங்க, நடுவில் சிரிக்கவும் சிரிச்சாங்க.

அவங்களுக்குத் தலையணை வைத்த பட்டை இல்லை. கழுத்திலிருந்து கையைத் தாங்க, துணியில் சும்மா ஒரு தூளி. பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து, அன்றைக்கே கையை முன்னால் தூக்கச் சொன்னாள். தூக்கினாங்க. மறுநாள் வலது கையாலேயே முகத்தைத் துடைத்துக்கிட்டாங்க. என்னிடம் வந்து அதே பெண், "நீங்க விரல மட்டும் அசைங்க போதும்" என்றாள். அவங்களுக்கு நன்றாகத் தைத்துவிட்டார்கள், எனக்கு அசைத்தும் பிரயோஜனமில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

அக்கா ஆரஞ்சுப் பழத்தை உரித்து நீட்டினாங்க, அதையும் வலது கையால். "வேணாங்க்கா" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதன் பிறகு இரண்டு நாளும் அவங்க பேசினால் கண்ணை மூடிக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதம் முழுவதும் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நீளமான வார்த்தைகளுக்கு நடுவில் ஒரு வார்த்தை தெளிவாகத் தெரிந்தது. ரிப்பேர். வண்டி ரிப்பேர், மிக்சி ரிப்பேர் என்று சொல்கிறோமே, அந்த ரிப்பேர். எங்கள் லைனிலும் கெட்டுப்போன துண்டுகள் கிடக்கும் டிரேயின் மேல் ஒட்டியிருப்பது இந்த வார்த்தைதான். காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அவர் சமைத்தார், துணி துவைத்தார். தினமும் காலையில் என் பாவாடை நாடாவைக் கட்டிவிட்டு, இறுக்கமா இருக்கா, லூசா இருக்கா என்று இரண்டு தரம் கேட்பார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அடுப்பு மூட்டாதவர் ரசம் வைத்தார். வெள்ளிக்கிழமை ஷமீம் பிரியாணி கொண்டுவந்தாள். எலும்பெல்லாம் எடுத்து, கறியை நார் நாராகப் பிய்த்து, இடது கையில் ஸ்பூனால் சாப்பிடும்படி செய்திருந்தாள். "நீ மெதுவா வா, செக்கிங் டேபிள்ல உன் சீட்டு அப்படியேதான் இருக்குது" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்துத்தான் இத்தனையும் செய்கிறார்கள். ரசம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்க வேலூர் போனோம். தையல் என்றால் தோல் மேல் போட்ட நாலு சின்னத் துளைகளின் தையல். டாக்டரம்மா துளைகளைப் பார்த்து, "அழகா ஆறியிருக்கு. பட்டைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார்கள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எதுக்கு டாக்டர் ஆறு வாரம் பட்டை? உள்ள ஒண்ணும் தெக்கலையே."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "யாரு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. ஓரம் மெலிஞ்சுபோச்சு, நூல் நிக்கலன்னு. நான் கேட்டேன். இவருக்கும் தெரியும், என்கிட்ட மறைக்கிறாரு. காயிதத்துல ரிப்பேர்னு போட்டிருக்குது, அதையும் படிச்சேன்."

அவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். ரிப்பேர் என்றால் இங்கே சரிசெய்தது என்று அர்த்தம் என்றார்கள் டாக்டரம்மா. கம்ப்யூட்டரைத் திருப்பி, கேமராவில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். ரோஜா நிறத்துக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ, அதன் மேல் நீல நிற நூல், இரண்டு வரிசை. இரண்டாவது வரிசை முதல் வரிசையின் மேல் குறுக்காக விழுந்து எலும்போடு அழுத்தியிருந்தது. மருத்துவம் எனக்குத் தெரியாது. தையல் தெரியும். ஓரத்திலிருந்து சரியான தூரம் விட்டுப் போட்ட தையல், இழுத்ததில் எங்கேயும் சுருக்கம் இல்லை. நானாக இருந்தால் பாஸ் போட்டிருப்பேன்.

"அப்புறம் நீங்க ஏன் அழுதீங்க?" என்று அவரைக் கேட்டேன், டாக்டரம்மா எதிரிலேயே.

"நாலு மணி நேரம் உள்ள வெச்சுக்கினாங்க. அதுவரைக்கும் வெளிய வந்து யாரும் ஒண்ணும் சொல்லல. நான் இன்னான்னு நெனக்கிறது?" என்றார். "நல்லா முடிஞ்சுதுன்னு அன்னைக்கே சொன்னேனே உன்கிட்ட."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் இடப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்தது, அது உண்மை. பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா அன்று அந்த வார்த்தையைச் சொல்லத்தான் செய்தார்கள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் எனக்கு அடுத்து வந்தவங்களைப் பற்றி நர்ஸிடம் சொன்னது. எனக்கு அடுத்து வந்தவங்க யார் என்று எனக்குத் தெரியும். உரித்து நீட்டின ஆரஞ்சுப் பழம் கண் முன்னால் வந்தது. வலிக்கிறதா என்று அவர் கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

நாலாவது வாரம் பயிற்சி ஹாலுக்கு வரச் சொன்னார்கள். என் கையை நானாகத் தூக்கக் கூடாது. படுக்க வைத்து அந்தப் பயிற்சிப் பெண் பிடித்துத் தூக்குவாள், நான் கையை அவளிடம் விட்டுவிட வேண்டும். மார்பு உயரம் வருவதற்குள் கண்ணில் நீர் வந்தது. முடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தால், எதிரில் கப்பியில் கயிறு இழுத்துக்கொண்டு சின்னப்பொண்ணு அக்கா. கை காது வரைக்கும் போய் வந்தது.

பக்கத்தில் போய் நின்றேன்.

"வா, எஸ்தரு. இன்னா, இன்னும் அந்த மூட்டைய கட்டிக்கினு இருக்கறே?" என்றாங்க.

"உங்களுக்கு எப்படி இருக்குதுக்கா?"

"வலி போயிடுச்சு. பலம் வராதுன்ட்டாங்க. தைக்க முடியலையாம், நைஞ்சுபோச்சாம். மறுநாளே வந்து டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வலி இல்லாம ஒரு பக்கமா படுத்துத் தூங்கணும், அது போதும்மான்னேன். புல்லுக்கட்டு தூக்கி விடத்தான் இனிமே ஆள் வேணும்." கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாங்க. "நீதான் அப்போ மூஞ்சியத் திருப்பிக்கினே. இவளுக்கு நல்லபடியா தெச்சிட்டாங்க, அதான் நம்மகிட்ட பேச இஷ்டமில்லன்னு நெனச்சுக்கினேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்குப் பின்னால் கேட்டது, பன்னிரண்டு நாள் அது என் சேதி என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவங்க கை அசைவதைப் பார்க்கப் பொறுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தது, எல்லாம்.

அக்கா சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை.

"பன்னெண்டு நாளா?" என்றாங்க. "எனக்கு அவ்ளோ நாள் ஆகலம்மா. ஒரு நாள்தான் அழுதேன். என்னுதுக்கும் சேர்த்து நீ அழுதிருக்கிறே."

பயிற்சிப் பெண் அடுத்தவங்களைக் கூப்பிட்டாள். பயிற்சிக்காகக் கழற்றின என் பட்டை பெஞ்சில் கிடந்தது. ஒற்றைக் கையால் அதை மாட்டிக்கொள்ள எனக்கு வராது, அவர் வெளியே மருந்து வரிசையில் நின்றிருந்தார். அக்கா அதை எடுத்து, தலையணையை என் இடுப்போரம் பதித்து, வாரை என் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனாங்க. கொக்கி பின்பக்கம் இருந்தது. அதை எட்ட அவங்க வலது கையை என் தோளுக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. தூக்கினாங்க. முகம் லேசாகச் சுளித்தது.

"இறுக்கமா இருக்குதா?" என்று கேட்டாங்க.

"இல்லக்கா. சரியா இருக்குது."